உள்ளிழுத்த ஆமாம்

புதன்கிழமை, மாலை ஆறரை.
பின்லாந்தின் மேற்குக் கரையில்
ஸ்வீடிஷ் பேசும் இந்தச் சின்ன ஊர், நேர்பெஸ்.
பனிக்கு நடுவே தக்காளிக் கண்ணாடிக் கூடங்கள்
ஆரஞ்சு வெளிச்சத்தை வானத்தில் ஏற்றிக்கொண்டிருக்க
பள்ளிக்கூட மாடியில் பதினோரு பேர்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மேசை நடுவில் என் ஒலிப்பதிவுக் கருவி,
தேக்கரண்டி நீளம், ஒற்றைச் சிவப்புக் கண்.

என் ஆய்வின் தலைப்பு இரண்டு வரி.
வயதுவந்தவர்களுக்கு இன்னொரு மொழியில்
பேச எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் சாரம்.
நான் பேசுவதில்லை. எண்ணுகிறேன்.
ஆசிரியை பேசிய நிமிடம், மற்றவர் பேசிய நிமிடம்,
கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் கடந்த நொடி,
திருத்தம் எத்தனை, சிரிப்பு எத்தனை.
எதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

குன்வோர் நல்ல ஆசிரியை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பழுதான தொலைபேசி ஒன்றைக் காதில் வைத்ததும்
மருத்துவமனைத் தாதியாகிவிடுவார்,
வாடகை கேட்கும் வீட்டுக்காரராகிவிடுவார்.
‘முழு வாக்கியத்தில்’ என்பார்.
‘ஆம், எனக்கு முதுகு வலிக்கிறது.’
பதினோரு முதுகுகளும் வரிசையாக வலித்தன,
பிழையில்லாமல்.
எனிஸ் மட்டும் வினைச்சொல்லில் தடுமாறினார்.
அவருக்கு நிஜமாகவே வலி.

அவருக்குப் பக்கத்தில் துயெத்.
அந்தப் பெயருக்குப் பனி என்று அர்த்தமாம்,
பனி விழாத ஹைஃபோங்கில் யாருக்கோ தோன்றிய ஆசை.
ஒன்பது வருடமாக வெள்ளரிக்கொடிக்கு நூல் கட்டுகிறாள்.
‘நேற்று வேலைக்குப் போனீர்களா?’
அவள் உதடு குவிந்தது. குரல் வரவில்லை.
இரண்டு நொடி பொறுத்துவிட்டு குன்வோர்
‘ஆம், நான் நேற்று’ என்று எடுத்துக்கொடுத்தார்.
நான் எழுதினேன்: பதில் இல்லை. மூச்சொலி, அரை நொடி.
பிப்ரவரி முடிவதற்குள் அவள் வரிசையில்
பதினேழு பூஜ்யங்கள்.
ஓரத்தில் நீல மசியில் என் குறிப்பு:
பேசத் தயங்குகிறார்.

மார்ச்சில் அனுமதி வாங்கிக்கொண்டு
அவள் வேலை செய்யும் கூடத்துக்குப் போனேன்.
உள்ளே கோடைக்காலம். கண்ணாடியில் வியர்வை.
முதலாளி ராக்னர், கண்ணை இலையிலிருந்து எடுக்காமலே,
‘மூன்றாம் வரிசை முடிந்ததா?’
அவள் நாக்குச் சுட்டவள்போல
சட்டென்று காற்றை உள்ளே இழுத்தாள்.
அவர் நான்காம் வரிசைக்கு நகர்ந்தார்.
‘நாளை சீக்கிரம் வருவாயா?’
மறுபடி அதே உறிஞ்சல்.
அவருக்குப் போதுமாக இருந்தது.
என் அப்பாவுக்கும் அது போதும்.
இந்தக் கரையில் பாதிப்பேர்
ஆமாமை வெளியே விடுவதில்லை,
விழுங்குகிறோம்.
எந்தப் பாடப்புத்தகத்திலும் அதற்கு எழுத்து கிடையாது.

இரவு ஒரு மணிவரை காதணிக் கருவியோடு
பதிவுகளைத் திரும்பக் கேட்டேன்.
ஒரு பூஜ்யம் ஆமாம். இன்னொரு பூஜ்யம் ஆமாம்.
நாற்பத்திரண்டாவது நிமிடத்தில், இடைவேளையில்,
‘அங்கே குளிருதா உங்களுக்கு?’ என்கிறாள் துயெத்,
தெளிவாக, யாரும் எடுத்துக்கொடுக்காமல்.
பதிலுக்கு ஒரு மூச்சு, உள்ளே.
அது என்னுடையது.
மென்பொருள் அதையும் இரைச்சல் என்றே
சாம்பல் நிறத்தில் பூசியிருந்தது.

பதினேழில் பதிமூன்றைத் திருத்தினேன்.
மிச்சம் நான்கு வெறும் மூச்சாகவும் இருக்கலாம்;
அந்த அறையில் சூடாக்கி சரியில்லை.
நீலக் குறிப்பை அடித்தேன், அடித்த கோட்டுக்குக் கீழே
அது இன்னும் படிக்க வருகிறது.

அடுத்த புதன் படிக்கட்டில் அவளை நிறுத்தி
அந்த நான்கையும் போட்டுக்காட்டினேன்.
ஒரு காதில் வைத்துக் கேட்டாள்.
கையால் வாயை மூடிச் சிரித்தாள்.
பிறகு குன்வோர் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு,
நிமிர்ந்து நின்று, முழு வாக்கியத்தில்:
‘இல்லை, எனக்கு ஞாபகம் இல்லை.’